பிரிக்கக் கூடாத நாளில் பிரித்த மூட்டைகள்

தீவனம் விற்பவனைத் திட்ட மாடுகளுக்கு வாய் கிடையாது. அந்தக் குறையை மாட்டுக்காரர்கள் தீர்த்துவிடுவார்கள். நான் ஹைதராபாத்தில் சைலேஜ் விற்கிறேன். பச்சை மக்காச்சோளத்தைக் கதிரோடு நறுக்கி, பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றிப் புளிக்க வைக்கும் தீவனம். ஒரு மாதமாவது மூடிக் கிடக்க வேண்டும். காற்றுப் புகாவிட்டால் வருஷம்கூடத் தாங்கும். பிரித்துவிட்டாலோ சீக்கிரம் தீர்த்தாக வேண்டும். கெட்டுப்போகும் சரக்கை விற்கிற யாருக்கும் இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

பசி பொறுக்கவில்லை

மல்காஜ்கிரிக்கு அப்பால் எருமை வைத்திருக்கும் லட்சுமம்மாவுக்கு ஒரு கோடையில் சரக்கு இறக்கினோம். அந்த வாரம்தான் அறுத்துக் கட்டியது. ஒரு மாதம் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். சில நாளில் போன் வந்தது, எருமைகளுக்குக் கழிச்சல் என்று. போனால் மூட்டை பிரிந்து கிடக்கிறது, பாதிகூடப் புளிக்கவில்லை. கொட்டிலில் வைக்கோல் ஒரு பிடி இல்லை. ஏன் அவசரப்பட்டீர்கள் என்று கேட்டேன். அவர் தெலுங்கில் நிதானமாகச் சொன்னார்: "ஒரு மாசம் கழிச்சுத் தின்னலாம்னு நீயே அதுங்ககிட்ட சொல்லிட்டுப் போ."

இரண்டு மாடும் ஒரு மலையும்

மாதாப்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் கோயமுத்தூர்த் தம்பதி, குழந்தைக்கு நல்ல பால் வேண்டுமென்று ஊருக்கு வெளியே இரண்டு மாடு வளர்த்தார்கள். எங்களிடம் இருந்ததோ பெரிய பண்ணைக்கான மூட்டை. தினமும் கொஞ்சம் எடுத்துவிட்டு வாயைக் கட்டி வைத்திருக்கிறார்கள். நான் பார்த்தபோது உள்ளே விட்ட கை சுட்டது, ஓரமெல்லாம் பூஞ்சை. முக்கால்வாசியைக் குழியில் கொட்டினோம். மனைவி நித்யா கேட்டார்: "ஏனுங்கண்ணா, இட்லி மாவுன்னா ஃப்ரிட்ஜுல வெச்சிருப்பேன். இத எங்கீங்க வெக்கறது?"

எடுத்து வைத்தது

ஜெயராமன் சார் ராமச்சந்திராபுரத்துத் தொழிற்சாலையில் ரிட்டயர் ஆனவர். பென்ஷன் போதாமல் எருமை வாங்கினார். ஒரு வறட்சியில் தீவனமில்லாமல் பாதி எருமைகளை விற்க நேர்ந்தது. அடுத்த வருஷம் சைலேஜ் வாங்கி, தொடாமல் அடுக்கி வைத்தார். மழைக்காலத்தில் எலி அடிவரிசையைக் கடித்து ஓட்டை போட்டது யாருக்கும் தெரியவில்லை. மேலே பார்க்க நன்றாக இருந்த மூட்டையைப் பிரித்துப் போட, சினை எருமை மாதம் நிறையாமலே கன்றை வீசிவிட்டது. பூஞ்சையாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

மீதி மூட்டைகளை நானும் அவரும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஓட்டை விழாதவை வருஷம் கடந்தும் பழவாசனையோடு இருந்தன. இதைத் தாராளமாகப் போடலாம் சார் என்று எவ்வளவோ சொன்னேன். அந்த எருமை எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. அவர் எல்லாவற்றையும் வெளியே உருட்டச் சொன்னார். நல்லதும் கெட்டதும் சேர்ந்தே போயிற்று.

ஜெயராமன் சார் ஹைதராபாத் பாணியில் சொன்னார்: "நக்கோ, வேண்டாம். இனிமே கஷ்டகாலத்துக்குன்னு நான் எதையும் எடுத்து வெக்கறதா இல்ல."

முந்திப் பிரித்தவர்களும் பிந்திப் பிரித்தவர்களும் என்னைத் தேடி வந்துவிடுகிறார்கள்; சரியான நாளில் பிரித்தவர் ஒருவராவது ஒரு போன் செய்திருந்தால், இந்தத் தொழிலைப் பற்றி நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.