ஆக்ஸிலேட்டர் வலது பக்கம் இருந்தது

மாரிக்குப் போக வேண்டிய மோட்டாரை நான் எடுத்துக்கொண்டேன். பொய் சொல்லி எடுத்துக்கொண்டேன்.

திருட்டு என்று நீங்கள் சொன்னால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் திருடனுக்காவது பூட்டை உடைக்கிற வேலை இருக்கிறது... எனக்கு அதுகூட இல்லை. பட்டப்பகலில், எல்லோர் முன்னாலும், ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.

நான் யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன். தண்டையார்பேட்டையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். எரிந்துபோன ஃபேன், தண்ணீர் மோட்டார், மிக்சி, எது வந்தாலும் பிரித்துச் செம்புக் கம்பியை மறுபடி சுற்றிக் கொடுப்பேன். எண்ணூர் ரோட்டில் ஒரு டிரெய்லர் என் பைக்கை அடித்துத் தள்ளியதிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. சக்கர நாற்காலிதான். கைகள் மட்டும் இரண்டும் இரும்பு. அதை நினைவில் வையுங்கள்.

மாரி என் தோஸ்து. துறைமுகத்தில் கன்டெய்னர் மேலேயிருந்து விழுந்தவன். கால்களோடு அவனுக்கு வலது மணிக்கட்டும் போயிற்று. எலும்பு கோணலாகச் சேர்ந்துகொண்டதால் டம்ளரைத் தூக்குவான், எதையும் இறுக்கிப் பிடிக்க முடியாது. ராயபுரத்தில் பிசியோ செய்யப் போகிற இடத்தில் பழக்கமானோம்.

அவனுக்கு ஒரே ஓர் ஆசைதான். அவன் மனைவி தேவி காசிமேட்டு மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அவள் விடிகிறதற்கு முன்பே போய்விடுவாள்; இவனைத் தள்ளிக்கொண்டு போக ஆளில்லை. வீட்டுக்குள் உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து நாற்காலியை நகர்த்துவான். ரோட்டில் அந்த வித்தை செல்லாது.

"நாள் பூரா செவுத்த பாத்துகினு கீறேன் மாமு. செவுரே என்ன பாத்து பேஜாராயி பூட்ச்சு" என்பான்.

அப்போதுதான் யாரோ புண்ணியவான்கள், சாதாரண சக்கர நாற்காலியில் மாட்டிக்கொள்கிற மோட்டார்கள் சிலவற்றை அந்த பிசியோ இடத்துக்குக் கொடுத்தார்கள். எங்கள் முறை வந்தபோது இரண்டு மிச்சம். இரண்டும் வேறு வேறு ரகம்.

ஒன்று, பின்னால் மாட்டுகிற குட்டிச் சக்கரம். பட்டனை அழுத்தினால் முதுகுப் பக்கமிருந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டே போகும். ஆனால் திருப்புவதும் இழுத்துப் பிடிப்பதும் நம் கைதான். பெரிய சக்கரத்தோடு ஒட்டிய வளையத்தைப் பிடித்துத்தான் செய்ய வேண்டும்.

மற்றது முன்னால் மாட்டுவது. ஒற்றைச் சக்கரம், அதற்குள்ளேயே மோட்டார், மேலே பைக்குக்கு இருப்பதுபோல ஹேண்டில் பார், பிரேக், ஆக்ஸிலேட்டர். மாட்டிவிட்டால் நாற்காலியின் முன்பக்கச் சின்னச் சக்கரங்கள் தரையைவிட்டு எழும்பிவிடும். பள்ளத்தில் சிக்காது.

பிசியோ மேடம் சொன்னார்: "ரெண்டு பேரும் ஓட்டிப் பாருங்க. எது யாருக்குன்னு நீங்களே பேசிக்கோங்க. அண்ணன்தான் மோட்டார்காரர் ஆச்சே."

டைல்ஸ் போட்ட ஹாலில் இரண்டுமே வெண்ணெய் மாதிரி ஓடின. மாரி சிரித்துக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்தான். எனக்கு மட்டும் அரிப்பு... மழமழவென்ற தரையில் எந்த வண்டிதான் ஓடாது? நம்ம ரோட்டில் இது என்ன செய்யும்? எதையும் பிரித்துப் பார்க்காமல் விடுகிற ஜென்மம் இல்லை நான். பின்னால் மாட்டுகிறதை என் நாற்காலியில் பூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

உங்களுக்கு எங்கள் பக்கத்து ரோடு தெரியுமா? நடுவில் மேடு, ஓரத்தில் சரிவு, சரிவு முடிகிற இடத்தில் கால்வாய். டிரெய்லர்களுக்குப் பயந்து நாம் எப்போதும் இடது ஓரமாகத்தான் போவோம். குட்டிச் சக்கரம் என்னைத் தள்ளத் தள்ள, நாற்காலி இடது பக்கமாகக் கால்வாயைப் பார்த்தே இறங்கியது. வலது வளையத்தை இறுக்கிப் பிடித்தேன், நேரானது. விட்டேன், இறங்கியது. மறுபடி இறுக்கினேன்.

வலது கை... இறுக்கிப் பிடிக்கிற வலது கை வேண்டும்.

அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இது மாரிக்கு ஆகாது, எனக்கு ஆகும். முன்னால் மாட்டுகிறதை ஒற்றைக் கையாலேயே திருப்பலாம்; அது மாரிக்குத்தான். கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

திரும்பி வந்தேன். மாரி ஆவலாகப் பார்த்தான்.

"இன்னா மாமு, எனக்கு எது தேவலாம்? நீ சொன்னா சரி."

முன்வண்டியைப் பார்த்தேன். கறுப்பு ஹேண்டில் பார், பளபளவென்று. பைக் போன பிறகு நான் ஹேண்டில் பாரைத் தொட்டதே இல்லை.

"அதுல ஆக்ஸிலேட்டர் வலது பக்கம் கீது மாரி. உன் வலது கைக்கு ஒத்துக்காது. நீ பின்னாடி மாட்றத எடுத்துக்கோ, பட்டன்தான், ஈசி."

இதுதான் அந்த வாக்கியம். ஆக்ஸிலேட்டர் வலது பக்கம்தான் இருந்தது, அதில் பொய்யில்லை. அதைக் கழற்றி இடது பக்கம் மாட்டுவது எனக்குக் கைவிளையாட்டு என்பதைச் சொல்லவில்லை. தெருவில் பார்த்ததையும் சொல்லவில்லை. மேடம்கூட, "ஆமாம், நான் அதை யோசிக்கவே இல்லை பாருங்க" என்றார். மாரி என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான், அந்த வலது கையால்.

மறுநாள் இருவரும் மார்க்கெட்டுக்குக் கிளம்பினோம். நான் முன்னால். கடல் காற்று முகத்தில் அடிக்க, ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டு... சந்தோஷமாக இருந்தேன். அதை மறைத்து என்ன பயன்? வெகு காலத்துக்குப் பிறகு அத்தனை சந்தோஷமாக இருந்தேன்.

தேவி தூரத்திலேயே எங்களைப் பார்த்துவிட்டாள். அவன் நாற்காலிக்கு இடம் வேண்டுமென்று ஐஸ் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து நின்றாள். அவள் முகம் சிரித்தபடியே இருந்து சட்டென்று மாறியது. திரும்பிப் பார்த்தேன். மாரி வலது வளையத்தோடு போராடிக்கொண்டிருந்தான். வளையம் அவன் உள்ளங்கையில் வழுக்கிச் சுற்றியது. மோட்டாரை நிறுத்த இடது கையால் பட்டனைத் தேடினான். அதற்குள் நாற்காலி சரிவில் இறங்கி, அவனைக் கால்வாயில் கவிழ்த்தது.

பெரிய காயமில்லை. முழங்கை தேய்ந்தது, உடம்பெல்லாம் சாக்கடை. மீன் வாங்க வந்தவர்கள் தூக்கி உட்கார வைத்தார்கள். தேவி முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். அவன் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உன் மேல தப்பில்ல மாமு. நீ நல்லாத்தான் பாத்துக் குடுத்த. என் கைதான் கலீஜு" என்றான்.

அதற்குப் பிறகு அவன் அதைத் தொடவே இல்லை. பாலிதீன் கவரில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டான்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கே புரியாதது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திக்கொண்டு, என் வண்டியின் ஆக்ஸிலேட்டரைக் கழற்றி இடது பக்கம் மாட்டினேன். பிரேக்கையும் மாற்றினேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. பிறகு வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் மட்டும் அதே ரோட்டில் அதே சரிவில் ஓட்டினேன். கோடு கிழித்த மாதிரி நேராகப் போயிற்று.

எதற்காக அப்படிச் செய்தேன்? மாரிக்குக் கொடுக்கவா? அப்படியானால் ஏன் வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் மறுபடி வலது பக்கமே மாட்டினேன்? யாரும் கவனித்துவிடக் கூடாதென்றா? இல்லை, வெறுமனே தெரிந்துகொள்ளவா? எரிந்த மோட்டாரைப் பிரித்தால் எந்தக் கம்பி முதலில் கருகியது என்று சொல்லிவிடுவேன். என்னைப் பிரித்துப் பார்க்கிறேன், பார்க்கிறேன்... எது முதலில் கருகியது என்று இன்றுவரை தெரியவில்லை. அந்த ஹேண்டில் பார் மேல் இருந்த ஆசையா? இரண்டு பேரில் ஒருவன்தான் பழையபடி வெளியே போகலாம் என்றால் அது நானாக இருக்கட்டும் என்ற எண்ணமா? இல்லை, "நீ சொன்னா சரி" என்று ஒருவன் முழுதாக நம்பும்போது, அந்த நம்பிக்கை எவ்வளவு தாங்கும் என்று ஓட்டிப் பார்த்தேனா?

ஒரு தடவை வாய்வரை வந்தது. மாரி வீட்டுக்குப் போயிருந்தேன்.

"என் வண்டிய நீ ஒரு வாட்டி ஓட்டிப் பாக்கறியா மாரி?"

"வாணாம் மாமு. வலது கைக்கு ஒத்துக்காதுன்னு நீதான சொன்ன? இன்னொரு வாட்டி வுழுந்தா தேவி தாங்க மாட்டா."

இடது பக்கம் மாற்றித் தருகிறேன் என்று சொன்னால் போதும். ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். அன்னிக்கே ஏன் சொல்லல? அந்தக் கேள்விக்குப் பயந்து நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்... சே, எழுந்து எங்கே வருவது? ஹேண்டில் பாரைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

முன்பின் தெரியாத உங்களிடம் இதையெல்லாம் சொல்ல முடிகிறது. நாலு தெரு தள்ளியிருக்கும் அவனிடம் முடியவில்லை. இதிலிருந்தே நான் எப்படிப்பட்டவன் என்று நீங்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மீன் வாங்க இப்போதும் தேவியிடம்தான் போகிறேன். போகாமல் இருந்தால் ஏன் என்று கேட்பாளே... நேற்றும் போனேன். சங்கரா மீனை அறுத்துக்கொண்டே கேட்டாள், "உனக்கு மட்டும் எப்டிண்ணா வருது? அவுருக்கு ஏன் வரல?"

"பழகணும்மா" என்றேன்.

பின்னால் ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டி வழி கேட்டு மணியடித்தது. ஒதுங்க இடம் தேடினேன். தேவி கத்தியாலேயே தன் பக்கத்தைக் காட்டினாள். அன்று தள்ளி வைத்த ஐஸ் பெட்டியை அவள் இன்னும் பழைய இடத்துக்கு நகர்த்தவில்லை.

"இங்க வுடுண்ணா. எடம் காலியாத்தான் கீது."

வண்டியை அங்கே விட்டேன். சரியாகப் பொருந்தியது.