மைனாவின் விரல்

முருங்கை மரத்தடிக்கு வந்ததும் சுலைமான் பாய் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். மண்ணில் குத்தியிருந்த ஈர்க்குச்சிச் சிலுவையைப் பார்த்துத்தான் கழற்றினார். யாரும் சொல்லவில்லை. ஆரோக்கியம்மாளுக்கு அப்போதே பாதி பயம் விலகிவிட்டது.

எண்பத்தேழாம் வருடம், மே மாதம். எழும்பூர் மியூசியத்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு லீவு வகுப்பு நடந்தது. பாம்புச்சட்டையைத் தொட்டுப் பார்க்கலாம், எலும்பைக் கோத்துப் பறவையாக நிறுத்தலாம். ஆரோக்கியம்மாளின் மகள் ஞானகுமாரி அதற்குத் துடித்தாள். ஆவடியிலிருந்து அவ்வளவு தூரம் பெண்பிள்ளையைத் தனியே அனுப்ப அப்பா ராயப்பனுக்கு மனமில்லை. மியூசியத்தில் எலும்பு அறையைப் பார்த்துக்கொண்டவர் ஆவடியை ஒட்டிய கோவில்பதாகை சுலைமான் பாய். "எங்கூடவே ரயில்ல வரட்டும் நைனா. எம் பொண்ணு மாதிரி இட்டாந்து உட்டுடறேன்" என்று அவர் கொடுத்த வாக்கை நம்பித்தான் அனுப்பினார்கள்.

கடைசி வாரம் ஆளுக்கொரு பறவையின் எலும்புகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். கோத்து முடித்துச் சனிக்கிழமை காட்சிக்கு வைக்கவேண்டும். ஞானகுமாரிக்கு வாய்த்தது மைனா. மிட்டாய் டப்பாவில் பஞ்சு பரப்பிக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தாள். வியாழக்கிழமை பெருக்கக் குனிந்த ஆரோக்கியம்மாள் டப்பாவைத் திறந்துவிட்டாள். ஐயோ, ஆண்டவர் படைத்த ஜீவன் அடக்கமில்லாமல் கிடக்கிறதே என்று நெஞ்சு பதறியது. கோயில் தீர்த்தம் தெளித்து, பரலோக மந்திரம் சொல்லி, மரத்தடியில் புதைத்துவிட்டாள்.

தண்ணீர் பிடித்துவந்த மகள் அலறினாள். "இன்னாம்மா பண்ணிட்டே! அது மியூசியம் சொத்தும்மா!"

"எலும்பு பொறுக்கற படிப்பு நமக்கு இன்னாத்துக்கு? இனிமே போவவே வாணாம்" என்று ராயப்பன் ஒரே போடாகப் போட்டார்.

மகளின் ஆசையைத் தன் கையாலேயே புதைத்துவிட்டோமே என்று ஆரோக்கியம்மாள் பாய் வீட்டுக்கு ஓடினாள். அவரும் கையோடு கிளம்பி வந்தார்.

"ஜெபம் பண்ணியா பொதைச்சே?"

"ஆமா பாய். தப்புங்களா?"

"இன்னாம்மா தப்பு? எத்தினியோ எலும்பு எங்கையால போயிருக்குது. ஒண்ணுக்காவது ஒருத்தரு ஜெபம் பண்ணதில்ல. இந்த மைனா குடுத்துவச்சது. இன்னொருவாட்டி சொல்லு, அப்பால எடுக்கலாம்."

அவள் சொல்லி முடிக்கும்வரை தலைகுனிந்து நின்றார். பிறகு கரண்டியால் மண்ணை அள்ளி மாவுச் சல்லடையில் சலித்தார்.

"நாளைக்கு நம்மூட்டுல மைனா தோசைதான்" என்றார் ராயப்பன். சொன்னவர் சும்மா நிற்கவில்லை, சல்லடையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

ஒரே ஒரு கால்விரல் எலும்பு மட்டும் அகப்படவில்லை. விரல் குறைந்த மைனா சனிக்கிழமை காட்சியில் நின்றது. பெரிய அதிகாரி கேட்டபோது, "மிச்சம் ஆவடில கீது சார்" என்றாராம் பாய். அதிகாரியும் சிரித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு ராயப்பனே போய் அந்த மைனாவைப் பார்த்து வந்தார். அடுத்த மே மாதம் மகளை அனுப்பச் சொல்லி அவரிடம் யாரும் கெஞ்சவேண்டியிருக்கவில்லை.

ஞானகுமாரி இன்று பாடியில் அறிவியல் டீச்சர். ஆரோக்கியம்மாளின் இரவு ஜெபத்தில் பாயின் பெயர் தவறுவதில்லை.

வேலை ஓய்ந்து, ஐயப்பன்தாங்கலில் தன் மகளோடு இருக்கப் பாய் புறப்பட்ட அன்று, அவள் பஸ் ஸ்டாண்டு வரை போனாள்.

"பாய், செடிக்குக் கொத்தறப்பல்லாம் தேடறேன். அந்த வெரல் மட்டும் ஆம்புடவே இல்ல."

பாய் படியில் கால் வைத்தபடி திரும்பினார்.

"தேடாதம்மா. நீ ஜெபம் பண்ண எடத்துல அது ஒண்ணாவது நிம்மதியா கெடக்கட்டும்."