தலைகீழாகத் தொங்கிய பாவாடை

சித்தப்பாவை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய முகமல்ல, ஒரு வெள்ளைப் பாவாடை. ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் அவர் வேலை செய்த சலவைக் கடையின் பின்பக்கத்தில், கோட்டுகளும் கால்சட்டைகளும் வரிசையாகத் தொங்கிய நீளக் கம்பியில், அது மட்டும் தலைகீழாகத் தொங்கியது. பாலே நடனக்காரிகள் அணியும் டுட்டு. பத்து அடுக்கு வலைத்துணி. இடுப்பைச் சுற்றித் தட்டுப்போல விரிந்து நிற்கவேண்டியது. அதற்குக் கீழே ஒரு ஸ்டூலில், எட்டு வயதுக்காரியான நான் அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். அன்று மாலை ஐந்து மணிக்கு நான் மேடையில் நிற்கவேண்டும்.

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. மோர்னிங்சைட்டில் எங்கள் தொடர்மாடி வீட்டில் எங்களோடுதான் இருந்தார். கடைக்கு வரும் உடுப்புகளைத் தோய்த்து, இஸ்திரிக்கை போட்டு மினுக்குவது அவருடைய வேலை. நாள் முழுதும் நீராவிக்குள் நின்றுவிட்டு வருவதால், பனிகொட்டும் நாளிலும் அவருடைய கைகள் சூடாக இருக்கும். அந்த வேலையைப் பற்றி அவர் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. வெட்கப்பட்டவர் அப்பா. பிறர் உடுப்பைத் தோய்க்கிறவர்களை ஊரில் எந்த இடத்தில் வைத்திருந்தோம் என்பதை எங்கள் ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வீடு, வளவு, படிப்புப் பத்திரங்கள் என்று எத்தனையையோ விட்டுவிட்டு விமானம் ஏறியவர்கள், அந்த எண்ணத்தை மட்டும் ஒரு கீறலும் விழாமல் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். யாராவது கேட்டால், "தம்பி ஒரு கொம்பனியில வேலை செய்யிறான்" என்பார் அப்பா. என்ன கொம்பனி என்று கேட்பதற்குள் பேச்சை மாற்றிவிடுவார். அந்தக் கடைப்பக்கம் அவர் ஒருநாளும் போனதில்லை.

எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்திலிருந்த சமூக நிலையத்தில் பாலே வகுப்பு நடந்தது. மற்றத் தமிழ்ப் பிள்ளைகள் பரதநாட்டியத்துக்குப் போக நான் இதற்குப் போனேன். நடந்து போகிற தூரம் என்பதைத் தவிர வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஆண்டு நிறைவு நிகழ்ச்சிக்காக ஆசிரியை ஒரு டுட்டுவை இரவலாகத் தந்துவிட்டார். அதைக் கண்டதும் அம்மாவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. இப்படிச் சிலிர்த்துக்கொண்டு நிற்கிற துணி கசங்காமல் எப்படி இருக்கும்? கூறைச்சீலையை மடிப்பதுபோல அழகாக எட்டாக மடித்து மெத்தைக்குக் கீழே வைத்துவிட்டார். என் பள்ளிக்கூடச் சட்டைகளும் அங்கேதான் மடிப்புக் கலையாமல் இருக்கும். நான்கு நாள் அதன்மேல் அவரும் அப்பாவும் படுத்தெழும்பினார்கள். சனிக்கிழமை காலையில் வெளியே எடுத்தபோது அது அப்பளமாகியிருந்தது.

நான் வைத்த ஒப்பாரியில் அம்மாவும் அழத் தொடங்கிவிட்டார். "இஞ்சேருங்கோ, தம்பியிட்டக் கொண்டுபோங்கோ. வேற ஆருக்கு உது தெரியும்?" என்றார். அப்பா தயங்கித் தயங்கிச் சப்பாத்தைப் போட்டார். பிறகு கார்த் திறப்பை எடுத்தார்.

சனிக்கிழமை என்பதால் கடையில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். அவர்களில் கோயிலில் பழக்கமான ஒரு அன்ரியும், தோய்க்கக் கொடுத்த பட்டுச்சீலைகளைத் திரும்ப வாங்குவதற்காக நின்றார். எங்களைக் கண்ட சித்தப்பா, "என்ன அண்ணை, இஞ்சால?" என்று வேர்த்த முகத்தோடு ஓடி வந்தார். அன்ரி அப்பாவையும் சித்தப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உவர் உங்களுக்குச் சொந்தமோ?"

"தெரிஞ்ச பொடியன்," என்றார் அப்பா.

அது சித்தப்பாவின் காதில் விழுந்தது. அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. என் கையிலிருந்த பையை வாங்கித் திறந்து பார்த்தார். "பிள்ளை, அழாதை. உது சாகேல்லை. மூச்சு முட்டிப்போச்சு, அவ்வளவுதான்."

டுட்டு என்று ஒன்றை அவர் அதற்கு முன் கண்டதே இல்லை. கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு அடுக்கும் எங்கே தைக்கப்பட்டிருக்கிறது என்று விரலால் தேடினார். பிறகு அதைக் கம்பியில் கவிழ்த்துத் தொங்கவிட்டார். "நேரா விட்டா வலை இன்னும் சரியும். கவிழ்த்துவிட்டா சரிஞ்சதெல்லாம் மற்றப்பக்கம் எழும்பும்." அடுக்கடுக்காக நீராவி பிடித்தார். வெள்ளைச் சட்டைக் கொலருக்குப் போடும் கஞ்சியைத் தண்ணீராகக் கரைத்து, புகைபோலத் தெளித்தார். மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. ஒருகட்டத்தில், "அண்ணை, உந்த விளிம்பைக் கொஞ்சம் பிடியுங்கோ" என்றார். அப்பா பிடித்தார். இரண்டு மணித்தியாலம், தன் தம்பி வேலை செய்வதை வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்த்துக்கொண்டு, விளிம்பைப் பிடித்தபடி நின்றார்.

அன்று மாலை அந்தப் பாவாடை நின்ற நிற்பை என்னவென்று சொல்வது! ஆட்டம் முடிந்ததும் ஆசிரியை என்னை முன்னுக்கு நிறுத்தி, இந்தப் பழைய டுட்டு இவ்வளவு நிமிர்ந்து நின்று வருடக்கணக்காகிறது, இதை இப்படி எழுப்பியது யார் என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். மண்டபத்தில் எங்கள் கட்டடத்துத் தமிழ்க் குடும்பங்கள் நாலைந்து இருந்தன. வேலை முடிந்து நேராக வந்த சித்தப்பா, ஜக்கெற்றைக்கூடக் கழற்றாமல் கதவடியில் நின்றார். அப்பா எழுந்தார். "மை பிரதர்" என்றார். பிறகு எங்கள் ஆட்களின் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னார்: "என்ர தம்பி. லோன்றியில உடுப்புத் தோய்ச்சு மினுக்கிறவன். அந்தா, கதவடியில நிக்கிறான்." எல்லோரும் திரும்பிப் பார்க்க, சித்தப்பா தரையைப் பார்த்துச் சிரித்தார். மேடையில் நின்ற எனக்குப் பெருமை தாங்கவில்லை. கைதட்டல் எனக்கில்லை என்று தெரிந்தும் நான் இன்னொருமுறை குனிந்து வணங்கினேன்.

இன்று ரொறன்ரோ நகரத்துக்குள் ஒரு நடன அரங்கின் உடுப்புப் பகுதியில் நான் வேலை செய்கிறேன். அங்கே சேர்ந்த பிறகுதான் டுட்டுவின் கதை எனக்குத் தெரியவந்தது. காலசைவு தெரியவேண்டும் என்பதற்காக நடனக்காரிகளின் பாவாடை மெல்ல மெல்ல உயர்ந்ததாம். முதலில் கணுக்கால்வரை, பிறகு முழங்கால், கடைசியில் இடுப்போடு விரிந்த தட்டு. அந்த முதல் பாவாடைகள் மெல்லிய பருத்தித்துணி. அவற்றை நிமிர்த்தி வைத்தது கஞ்சிதான். மேடை விளக்கின் தீ பட்டு, அந்த உடுப்போடு எரிந்துபோன பெண்களும் உண்டு. அப்படி வந்த பாவாடைதான் மேடையை விட்டு இறங்கி விருந்துக் கவுன்களுக்குள் புகுந்தது. ஜீன்சுக்கு மேலே வீதியில் நடந்தது. இப்போது எங்கள் மணப்பெண்களின் லெஹங்காவுக்குள் ஆறு அடுக்கு வலையாக ஒளிந்திருக்கிறது. எங்கள் அரங்கிலும் டுட்டுகளைக் கவிழ்த்துத்தான் தொங்கவிடுகிறோம். முதல் நாள் அதைக் கண்டு நான் தனியே நின்று சிரித்ததை உடன் வேலை செய்தவர்களுக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. யாரிடமும் கேளாமல், ஒரு சனிக்கிழமை மதியத்தில், என் சித்தப்பா தானாகவே கண்டுபிடித்த விஷயம் அது.

போன மாதம் சித்தப்பாவின் மகளுக்குக் கல்யாணம். வரவேற்புக்கு உடுக்கும் லெஹங்கா பெட்டிக்குள் நசிந்து வந்திருந்தது. சித்தப்பா அதைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போனார். அரை மணித்தியாலம் சுடுதண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்த்தபோது, நீராவிக்கு நடுவே திரைக்கம்பியில் அது கவிழ்ந்து தொங்கியது. வலை ஒவ்வொன்றாக விரியத் தொடங்கியிருந்தது.

வீடு நிறைய விருந்தாளிகள். எண்பதை நெருங்கிவிட்ட அப்பா ஒரு கதிரையை இழுத்துக் குளியலறைக் கதவுக்கு முன்னால் போட்டு, ஊன்றுபொல்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கை கழுவ வந்தவர்களை எல்லாம் மறித்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவராகவே கதவைக் கொஞ்சம் திறந்து காட்டினார்.

"பாருங்கோ, ஆனா தொடாதேங்கோ. என்ர தம்பி தொங்கவிட்டது."