எந்த வொர்க்குவின் மகள்

அடிஸ் அபாபாவிலிருந்து அமெரிக்காவுக்கு வரும் காலை விமானத்தின் கதவு திறக்கும் முன், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைப் பெயர் உள்பக்கம் போகும்படி புரட்டிவிட்டுக்கொள்வாள் ஃபனாயே. மற்ற விமானங்களுக்கு அப்படிச் செய்வதில்லை. மேற்பார்வையாளர் பார்த்தால் திட்டு விழும், விழட்டும். அவள் தள்ளும் சக்கர நாற்காலியில் வந்து உட்காரும் நம் ஊர்க் கிழவிகள், கண் மங்கியிருந்தாலும் ஒரு பெயரை விடமாட்டார்கள்.

"ஃபனாயே வொர்க்குவா? எந்த வொர்க்கு? தெஸ்ஸேயில மாவு மில்லு வச்சிருந்தாரே, அவர் பொண்ணா நீ?"

அவளுடைய அப்பா பெலிஹு. எங்களில் ஒரு பெண்ணின் பெயருக்குப் பின்னால் வருவது அப்பாவின் பெயர். கல்யாணம் அதைத் தொடுவதில்லை. வொர்க்கு அவளுடைய மாமனார். கணவன் ஷிமெலிஸ் லாரி ஓட்டுகிறவன். இந்த நாட்டில் இருவருக்கும் ஒரே பெயர் இருந்தால்தான் குடும்பம் என்று நம்புவார்கள் என எவனோ சொன்னதைக் கேட்டு, அவள் வந்த ஆறாம் மாதமே நீதிமன்றத்துக்கு அழைத்துப்போனான். வங்கிக் கணக்கு, வரி, ஓட்டுநர் உரிமம் எல்லாம் ஃபனாயே வொர்க்கு ஆயின. கிரீன் கார்டு மட்டும் ஃபனாயே பெலிஹுவாகவே நின்றது. புதுப் பெயரில் அவள் போடும் கையெழுத்தில் 'ஃபனாயே' பெரிதாக இருக்கும். 'வொர்க்கு' நாற்காலி நுனியில் உட்கார்ந்த விருந்தாளிபோல ஓரமாகச் சிறுத்திருக்கும்.

சத்தம் போட்டுப் பேசமாட்டாள். மேல்சட்டைப் பையில் எப்போதும் வறுத்த பார்லி. நாற்காலியில் இருப்பவருக்கு ஒரு கைப்பிடி கொடுத்துவிட்டுத்தான் தள்ளுவாள். தரையில் சின்ன மேடு வந்தாலும் முன்கூட்டியே, "பிடிச்சுக்கோங்கம்மா, துள்ளும்" என்பாள்.

கல்யாணத்தை வைத்து, நிபந்தனையோடு தந்த அந்தக் கிரீன் கார்டுக்கு ஆயுள் இரண்டே ஆண்டு. முடிவதற்கு முந்தைய தொண்ணூறு நாட்களுக்குள், கல்யாணம் பொய்யில்லை என்று கணவனும் மனைவியும் சேர்ந்து ஆதாரங்களோடு மனுப் போட்டால்தான் நிபந்தனை நீங்கும். இல்லையென்றால் வேலை போகும், பின்னால் இந்த நாடும் போகும். தொண்ணூறில் அறுபத்தெட்டு நாள் கழிந்திருந்தது. காகிதங்களை டெஃப் மாவு டப்பாவின்மேல் அடுக்கி வைத்திருந்தாள். குறை ஒன்றுதான். முதல் பதினான்கு மாதம் அவர்கள் இருந்தது மெகுரியா என்ற நம் ஊர்ப் பெரியவரின் வீட்டுக் கீழ்த்தளத்தில், வாய்ப்பேச்சு வாடகைக்கு. அந்த நாட்களுக்கு அவருடைய சத்தியக் கடிதம் ஒன்றே சாட்சி.

ஞாயிறு பூசை முடிந்து அவர் வீட்டில் வழக்கமான மூன்று சுற்றில் இரண்டாம் சுற்றுக் காப்பி ஊற்றியபோது, தேவாலயத்துச் சட்ட உதவிப் பெண் தட்டச்சு செய்து தந்த கடிதத்தை ஷிமெலிஸ் நீட்டினான். மெகுரியா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"ஏன் பெரியவரே? நாங்க உங்க வீட்லதானே இருந்தோம்?"

"இருந்தீங்க. ஆனா இதுல வொர்க்கு மகன் ஒருத்தன், வொர்க்கு மக ஒருத்தி. ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டின்னு என்னைச் சத்தியம் பண்ணச் சொல்றியாடா?"

அவர் மனைவி அஸ்னாகெச் காப்பிச் சட்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள். "அண்ணனையே கட்டிக்கிட்டா போல! நல்லதுதான், மாமியா வீடும் அம்மா வீடும் ஒண்ணாப் போச்சு. திருவிழாவுக்கு ஒரு வீட்டுக்குப் போனாப் போதும்."

"இது அமெரிக்கா, பெரியவரே. இங்க இப்படித்தான்."

"அமெரிக்கா பேரை மாத்தும். பெத்தவனை மாத்துமா?"

ஃபனாயே கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீதிமன்றத்தில் தான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இந்த மனிதர் கேட்கிறார். கேட்டு, தன்னை நாடு கடத்தவும் பார்க்கிறார். பயமும் நிம்மதியும் ஒரே மடக்கில் இறங்கின. பையிலிருந்து பேனாவை எடுத்து அவர்முன் வைத்தாள்.

"உங்களுக்கு எது நிஜமோ அதை மட்டும் எழுதுங்க. நம்ம எழுத்துலயே எழுதுங்க."

மூன்றாம் சுற்றுக் காப்பி ஆறும்வரை எழுதினார். 'பெலிஹுவின் மகள் ஃபனாயே, வொர்க்குவின் மகன் ஷிமெலிஸின் மனைவி. பதினான்கு மாதம் என் வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டார்கள். வொர்க்கு என்ற பெயரை அவளுக்கு நீதிமன்றம் தந்தது. அவள் வொர்க்குவின் மகள் அல்ல.'

உதவிப் பெண் அதை ஆங்கிலத்தில் பெயர்த்து, பெயர் மாற்ற உத்தரவின் நகலையும் சேர்த்தாள். மனுவில் வேறு பெயர்கள் உண்டா என்று கேட்ட கட்டத்தை ஃபனாயே யாரிடமும் கொடுக்காமல் 'ஃபனாயே பெலிஹு' என்று தானே நிரப்பினாள். கார்டு காலாவதியாவதற்கு நான்கு நாள் முன்பு, கெடுவை நீட்டித்து ரசீது வந்தது. நிபந்தனையில்லாத பத்தாண்டுக் கார்டு வந்து சேர ஒன்றரை வருடமாயிற்று. அதில் ஃபனாயே வொர்க்கு என்றிருந்தது.

போன வாரம் அடிஸ் விமானத்தில் வந்த ஒரு கிழவி, நாற்காலியில் அமர்ந்த கையோடு அவள் மார்பில் பெயர் தெரியத் தொங்கிய அட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வொர்க்குவா? எந்த வொர்க்கு பொண்ணும்மா நீ?"

ஃபனாயே குனிந்தாள். அட்டையைப் புரட்டினாள். பின்பக்கத்து பிளாஸ்டிக் உறைக்குள் மெகுரியா தன் கையால் எழுதிய 'பெலிஹுவின் மகள் ஃபனாயே' என்ற முதல் வரியின் நகல் செருகியிருந்தது. கிழவி விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்து முடிக்கும்வரை அவள் நாற்காலியைத் தள்ளவில்லை.