படர்தாமரையும் குளிக்காத நான்கு நாட்களும்

என் மனைவியின் சிறுநீரகம் எனக்குள் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு வீட்டில் எந்த வாதத்திலும் நான் ஜெயித்ததில்லை. ஊறுகாய் கேட்டால், "என் கிட்னிக்கு ஆகாது" என்பாள்.

மயிலாப்பூர் வெயில் கொளுத்திய ஒரு மே மாதம், என் இடுப்பில் வட்டமாகத் தடிப்பு வந்து முதுகுக்குப் பரவியது. சிறுநீரக டாக்டர் மாத்திரையைச் சந்தேகப்பட்டார். கொடுத்த சிறுநீரகத்தை என் உடம்பு தள்ளிவிடாமல் காப்பதே அந்த மாத்திரைதான். நிறுத்தினால் அவள் கொடுத்தது வீணாகிவிடலாம். வெறும் படர்தாமரை என்று தெரிந்தால் நிறுத்த வேண்டாம் என்று ராயப்பேட்டையில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் அனுப்பினார்.

அவர் பிளேடால் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். ஒன்றுமில்லை. அடுத்த வாரமும் ஒன்றுமில்லை. மூன்றாவது முறை, மாவு மாவாகத் தெரிகிறதே, என்ன போடுகிறீர்கள் என்றார். பயத்தமாவும் கஸ்தூரி மஞ்சளும் போட்டு, பீர்க்கங்காய் நாரால் தேய்த்துக் குளிப்பாட்டி, பவுடரும் பூசித்தான் அழைத்துவருவதாக என் மனைவி பெருமையாகச் சொன்னாள். டாக்டர் தேடிய பூஞ்சையை வாராவாரம் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு நாங்கள் ஆட்டோ பிடித்து வந்துகொண்டிருந்திருக்கிறோம்.

நான்கு நாள் குளிக்கக் கூடாது, எதையும் தடவக் கூடாது என்று உத்தரவாயிற்று. பூஜை அறையும் சமையலறையும் அன்றே எனக்கு மூடப்பட்டன. பிறகு மின்விசிறிக்கு முன்னால் உட்காரவும் தடை வந்தது, காற்று அவள் பக்கம் வருகிறதாம். நான்காம் நாள் ஆட்டோக்காரர் பாதி வழியில் வண்டியை நிறுத்தி, "இன்னா சார், எலி கிலி செத்துக்கீதா?" என்று சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார். என் மனைவி சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா இந்த முறை மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரித்தார். கிளை கிளையாக நூல் தெரிகிறது, படர்தாமரைதான், களிம்பு போதும், மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்றார். எனக்கு உயிர் வந்தது. என் மனைவி மட்டும் எழுந்திருக்கவில்லை.

"அப்போ இது என் கிட்னிலேர்ந்து வரலையா டாக்டர்?"

டாக்டரம்மா புரியாமல் பார்த்தார்.

"நான் குடுத்தது கெட்டுப்போய்த்தான் இவர் மேல இப்படி வரதுன்னு நெனைச்சேன். அதான் தேய்ச்சுண்டே இருந்தேன்."

சுத்தப் பைத்தியம் என்று அத்தனை நாளும் அவளைக் கேலி செய்திருந்தேன். கூசிப்போயிற்று. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன். இன்னும் கேட்கவில்லை.