இளைப்புக் கோழி

கம்பளையில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் கொட்டையைத் தொலி நீக்கி மூட்டை கட்டும் ஒரு கோப்பி ஸ்டோரும் அதன் காயவைக்கும் களமும் இருந்தன. என் வீட்டுக்காரர் அங்கே மூட்டை தூக்கினார். விடிந்ததும் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். நான் தனியாகக் கிடப்பதைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மா எனக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டைக் கோழியைக் கொடுத்தார். அவர்கள் வீட்டில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அவரை அப்படியே கூப்பிட்டேன்.

கோழி ஒரு நாள் விட்டு ஒரு நாள் முட்டையிட்டது. நான் பாத்திரம் கழுவினால் காலடியில் வந்து நிற்கும். மழை தொடங்கிய மாதத்தில் முதலில் தும்மியது. பிறகு தொண்டைக்குள் கர்கர் என்று ஒரு சத்தம். பத்து நாளில் கழுத்தை மேலே நீட்டி, அலகைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. சிவந்திருந்த கொண்டை நாவற்பழ நிறத்துக்கு மாறியது.

பூண்டும் மிளகும் மஞ்சளும் அரைத்து உருட்டி ஊட்டினேன். தாத்தா வந்து அதை மடியில் இடுக்கிக்கொண்டு, ஒரு சின்ன இறகைத் தேங்காயெண்ணெயில் தோய்த்து மூக்குத் துளைக்குள் விட்டு இழுத்தார். கோழி பலமாகத் தும்மியது. இரண்டு நாள் சத்தமில்லை. மூன்றாம் நாள் மறுபடியும் கர்கர்.

குளிர்தான் காரணம் என்று நினைத்தேன். ஸ்டோரில் கோப்பிக் கொட்டையிலிருந்து கழித்த தொலி குவிந்து கிடக்கும். அதில் ஒரு சாக்கு கொண்டுவரும்படி வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"கூட்டுக்குள்ள நல்லாப் பரப்பி விடு. கதகதன்னு இருக்கும்" என்று அவரே தூக்கி வந்து போட்டார். கோழி அதைக் கிளறிக் குழியாக்கி உட்கார்ந்துகொண்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். இளைப்பு அதிகமான போதெல்லாம் இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டேன். மழை விடவில்லை. இளைப்பும் விடவில்லை.

"அறுத்துக் கொழம்பு வச்சிரு புள்ள. அது படுற பாட்டப் பாக்க முடியல" என்றார் அவர்.

"முட்டை போடுதுங்க" என்றேன். அது முட்டையிட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஒரு நாள் தாத்தா தன் கோழி எங்கள் கூட்டில் முட்டையிட்டிருக்கிறதா என்று பார்க்கக் கையை உள்ளே விட்டார். சாம்பல் பூத்த கட்டி ஒன்றோடு கை வெளியே வந்தது.

"மகள், இத மோந்து பாருங்க."

மோந்தேன். பூஞ்சண வாடை. கட்டியை உடைத்ததும் புகைபோல் தூள் பறந்து, நானே இருமிவிட்டேன்.

"இதுலயா படுக்குது? யாரு போட்டது?"

நான் கையில் ஒட்டிய தூளை முந்தானையில் துடைத்தேன். தாத்தா என் முகத்தைப் பார்த்தார். பிறகு போய்க் கூடையை எடுத்து வந்தார். இரண்டு பேருமாக அள்ளி ஆற்றங்கரைச் சரிவில் கொட்டினோம். தொலி எங்கே என்று வீட்டுக்காரர் ராத்திரி கேட்டபோது, மழையில் நனைந்துவிட்டது என்றேன். தன் தோளில் சுமந்து வந்தவரிடம் வேறு எப்படிச் சொல்வது?

கூட்டைக் கழுவி அடுப்புச் சாம்பல் போட்டேன். ஒரு வாரம் கோழி நன்றாகத் தின்றது. எல்லாம் சரியாகிவிட்டது என்று தாத்தாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அடுத்த மழைக்குக் கழுத்து மறுபடியும் மேலே நீண்டது.

வண்டிமாடுகளுக்கு மருந்து கொடுக்கும் சிங்கள வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் கோழியின் முதுகில் காதை வைத்துக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். "நோய் உள்ள போயிட்டது" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லி, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

அன்றைக்கு ராத்திரி வீட்டுக்காரரிடம் நானே சொன்னேன். "நீங்களே செஞ்சிருங்க. நான் பாக்க மாட்டேன்."

அவர் கத்தியோடு பின்பக்கம் போனார். நான் அடுப்படியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் திரும்பி வந்தபோது கத்தியில் ரத்தமில்லை.

"என்னங்க?"

"கையில புடிச்சேன். அந்தச் சத்தம் என் உள்ளங்கையில அதிருது. என்னால முடியல."

ரத்தமே படாத கையை வெகுநேரம் கழுவிக்கொண்டு நின்றார். இத்தனை நாளும் அறுக்கச் சொன்னவர் அவர்தான். அதற்குப் பிறகு நாங்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

வெயில் காலம் வந்து களத்தில் கோப்பி பரப்பும்வரை அது உயிரோடு இருந்தது. படுத்தால் திணறும். நிமிர்த்திப் பிடித்தால் கொஞ்சம் லேசாக மூச்சு விடும். அதனால் பகலில் மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டே அரிசி பொறுக்குவேன். அதன் நெஞ்செலும்பு என் கையில் குத்தும் அளவுக்கு இளைத்துவிட்டது. தவிட்டில் கஞ்சியைப் பிசைந்து நீட்டினால் ஒரு கொத்துக் கொத்தும். பிறகு மூச்சு வாங்குவதற்காக நிறுத்திவிடும்.

ஒரு மத்தியானம் அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. கோழியைத் தரையில் விட்டுவிட்டு ஓடினேன். பானையை இறக்கிவிட்டு வந்து பார்த்தபோது, அடுப்படி வாசற்படிக்கு ஒரு முழம் முன்னால் கவிழ்ந்து கிடந்தது. என் பின்னாலேயே நடந்து வரப் பார்த்திருக்கிறது.

அடுத்த வாரம் தாத்தா வேலியோரம் நின்று, "ஒரு குஞ்சு தரட்டா மகள்?" என்று கேட்டார்.

"வேணாம் தாத்தா" என்றேன். அவர் வற்புறுத்தவில்லை.