தேர் திரும்பும் முனை

எங்கள் வீட்டை இடிக்கச் சொல்லிக் கேட்டது நாங்கள்தான். யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பெக்கோ இயந்திரம் வந்து என் குசினிச் சுவரைத் தள்ளியபோது எனக்கும் அழுகைக்குப் பதிலாக ஒரு மாதிரி சிரிப்புத்தான் வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று நினைத்திருப்பார்கள்.

மாத்தளை டவுனில் எங்கள் தெரு ஓர் இடத்தில் முழங்கையை மடித்த மாதிரித் திரும்பும். அந்த மடிப்பின் உள்முனையில் எங்கள் வீடு. வாசல் ஒரு பக்கத் தெருவைப் பார்க்கும், குசினி ஜன்னல் மறுபக்கத் தெருவைப் பார்க்கும். காலையில் அந்த ஜன்னல் வழியாகத்தான் இடியாப்பமும் சம்பலும் விற்பேன். கடைக்காரப் பையன்களும் லொறிக்காரர்களும் வரிசையில் நிற்பார்கள். எதிரே, வெளிமுனையில், கோயில் கமிட்டித் தலைவருடைய மூன்று மாடிக் கடை. என் கணவர் அந்தக் கடையில்தான் மிளகும் கராம்பும் நிறுக்கிறார், கல்யாணத்துக்கு முந்தியிருந்தே.

மாசி மாதம் அம்மன் தேர் வரும். தேர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கொஞ்சம் நிற்கும், தட்டு வாங்குவார்கள், தேங்காய் உடைப்பார்கள், நகரும். எங்கள் வாசலில் மட்டும் அப்படி இல்லை. அந்த முனையில் தேர் லேசில் திரும்பாது. சக்கரத்துக்குக் கீழே கட்டையைக் கொடுத்து, அலவாங்குக் கம்பியால் நெம்பி, வடத்தைப் பின்னால் இழுத்து, மறுபடி முன்னால் இழுத்து, ஆண்கள் எல்லாரும் வேர்வையில் குளிப்பார்கள். நெம்புகிற கூட்டத்துக்கு என் கணவர்தான் தலை. அவ்வளவு நேரமும் அம்மன் எங்கள் வாசலில் நிற்பாள். அடுத்த வீட்டுக்காரிகளுக்கு வயிற்றெரிச்சல். "அம்மா ஒங்க வீட்டுலதான் இளைப்பாறுறா" என்பார்கள். நான் மோர் கரைத்து எல்லாருக்கும் ஊற்றுவேன். நடுநடுவே நிமிர்ந்து அவளிடம் என் குறைகளைச் சொல்வேன். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததிலிருந்து மாமியார் பேசிய பேச்சு வரை ஒன்றையும் விட்டதில்லை. பொய் சொல்வானேன், அந்த ஊரில் எங்களுக்கு இருந்த பெருமை அது ஒன்றுதான்.

மகனுக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது மேலே ஒரு அறை கட்ட நினைத்தோம். அனுமதி கிடைக்கவில்லை. டவுனுக்குப் புதுத் திட்டம் வருகிறதாம், அது முடியும்வரை எங்கள் தெருவில் செங்கல் மேல் செங்கல் வைக்கக் கூடாதாம். அந்தத் திட்டத்தைப் பொதுமக்களிடம் காட்டுவதற்கு ஒரு கூட்டம் போட்டார்கள். அங்கே போய் நேரே கேட்டுவிடுவதென்று புதுப் புடவை கட்டிக்கொண்டு போனேன்.

திட்டம் போடுகிற அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்தவர் ஒரு இளம் சிங்களப் பெண். பெரிய வரைபடத்தைச் சுவரில் தொங்கவிட்டிருந்தார். கடைகளுக்கு ஒரு நிறம், குடியிருப்புக்கு ஒரு நிறம், மண் சரியக்கூடிய மலைப்பக்கத்துக்குப் பச்சை. டவுன் இரண்டு மலைக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறது, அகலத்துக்கு வளர இடமில்லை என்றார். தம்புள்ளையிலிருந்து வரும் மரக்கறி லொறிகளும் ரிவர்ஸ்டன் மலையைப் பார்க்கப் போகிற சுற்றுலா வேன்களும் ஒரே ரோட்டில் முட்டிக்கொள்கின்றன. அதனால் புது வீடுகளை டவுனுக்கு வெளியே பல்லேபொலப் பக்கம் அனுப்ப வேண்டும், டவுனுக்குள் ரோட்டை அகலப்படுத்த வேண்டும். நிதானமாக, மரியாதையாகத்தான் பேசினார். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் முழுசாகக் கோபம் வருவதில்லை.

உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். நான் எழுந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தலைவருடைய மனைவி என் கையைப் பிடித்து இழுத்தார்.

"இரு தங்கச்சி. கோயில் விஷயம் மொதல்ல முடியட்டும். வீட்டு விஷயம் பொறகு பேசிக்கலாம்."

உட்கார்ந்தேன். தலைவர் என் கணவருக்குக் கண்ணைக் காட்டினார். என் கணவர் எழுந்து நல்ல சிங்களத்தில் பேசினார். தேர் திரும்பும் முனை மிக ஒடுக்கம், வருஷா வருஷம் யாருக்காவது விரல் நசுங்குகிறது, அந்த இடத்தை அகலப்படுத்தித் தர வேண்டும் என்றார். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. லொறிகளும் அங்கேதான் மாட்டுகின்றன, எங்களுக்கும் அது வேண்டும் என்றார். வரைபடத்தில் விரலை வைத்து, பெரிய வாகனம் திரும்ப வேண்டுமென்றால் உள்முனையைத்தான் வெட்ட வேண்டும் என்று விளக்கினார். பிறகு, இந்த வீட்டுக்காரர்கள் வந்திருக்கிறார்களா என்று கேட்டார்.

மண்டபம் முழுக்கத் திரும்பி எங்களைப் பார்த்தது. தலைவர் மட்டும் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

என் கணவர் சொன்னார், கோயிலுக்கு என்றால் எங்களுக்குச் சம்மதம் என்று. எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. அந்தக் கைதட்டலுக்கு நடுவே எழுந்து நின்று என்னத்தைப் பேச?

வரும் வழியில் அவரைப் பிடித்து ஏசினேன் பாருங்கள். தெருவென்றும் பார்க்கவில்லை. அவர் பொறுமையாக நடந்துகொண்டே சொன்னார்:

"நீ சும்மா பொலம்பாத. இந்த டவுனுக்கு எத்தன பிளான் வந்துச்சு, ஒன்னாவது நடந்துச்சா? இதுவும் சுவர்ல தொங்கிட்டுப் போயிரும். அம்மா விஷயத்துல அத்தன பேருக்கு முன்னால முடியாதுன்னு சொல்லச் சொல்றியா?"

அதுதான் எங்கள் ஆட்களின் கணக்கு. சாமி விஷயத்தில் சபையில் மறுத்துப் பேச மாட்டோம், அரசாங்கம் எப்படியும் ஒன்றும் செய்யாது என்ற தைரியத்தில் எதற்கும் தலையாட்டிவிடுவோம். சபையில் நல்ல பேர், வீட்டுக்கும் ஆபத்தில்லை. அதற்கு முன்னால் வந்த திட்டங்கள் எல்லாம் அவர் சொன்ன மாதிரித்தான் போயின. பாழாய்ப்போன இந்தத் திட்டம் மட்டும் நடந்தது.

சுவரில் சிவப்புப் பெயின்டால் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். வாசலுக்கு உள்ளே இருந்தது கோடு; அதுவரை இடித்தால் மிச்சம் குடியிருக்கப் போதாது. நான் திட்டக் கந்தோருக்குப் போனேன். அந்தப் பெண் என்னை உட்காரவைத்து, தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்தார். மற்றதையெல்லாம் நாங்களாகப் போட்டோம் அம்மே, ஊர்க்காரர்கள் தாங்களாகக் கேட்டது இது ஒன்றுதான், அதனால் இதை முதலில் எடுத்தோம் என்றார். ஊர் வளர வேண்டுமே, யாராவது இடம் விட வேண்டுமே என்றார்.

"எங்க குடும்பமுந்தான் வளருது மிஸ். மேல ஒரு ரூம் கட்ட விட்டீங்களா?"

தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

இப்போது பல்லேபொலப் பக்கம் இருக்கிறோம். நட்டஈட்டில் வாங்கிய துண்டுக் காணி, மிளகுக் கொடி, சின்ன வீடு. காற்று நல்ல காற்று என்று வருகிறவர்கள் சொல்கிறார்கள். காற்றை வைத்து என்ன செய்ய? இடியாப்பம் வாங்க ஒரு ஆளில்லை. மகன் கல்யாணம் முடித்துத் தம்புள்ளையில் பெண் வீட்டோடு போய்விட்டான். இவர் பஸ் ஏறி அதே கடைக்கு வேலைக்குப் போகிறார். எங்கள் வீடு இருந்த இடத்தில் தலைவருடைய கடைக்கு வருகிறவர்கள் வேன் நிறுத்துகிறார்கள். தலைவருக்கு ஒரு செங்கல் கூட நட்டமில்லை.

இந்த மாசியில் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். தேங்காய், பழம், வெற்றிலை, பூ, எல்லாம் வழக்கம் போல. தேருக்காக வேன்களை அப்புறப்படுத்தி வைத்திருந்தார்கள். என் வாசல் எங்கே இருந்திருக்கும் என்று குறி வைத்து, தார் ரோட்டில் போய் நின்றேன். இவர் பழக்கதோஷத்தில் அலவாங்கோடு முன்னால் நின்றார்.

தேர் வந்தது. அலவாங்குக்கு வேலையே இல்லை. ஒரே இழுவையில், பஸ் திரும்புகிற மாதிரி, சுகமாகத் திரும்பியது. சனம் கை தட்டியது. தலைவர் கண்ணை மூடிக் கும்பிட்டார். நான் தட்டைத் தூக்கிப் பிடித்தேன். தேரில் இருந்த ஐயர் என்னைப் பார்த்தார், தேர் வீட்டு வாசலில்தானே நிற்கும், முன்னால் போய்க் கொடு என்று கையைக் காட்டினார். நான் ஒரு குறை சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மனுடைய முதுகுதான் தெரிந்தது.

கூட்டம் போனபிறகு இவர் என் பக்கத்தில் வந்து நின்றார். தேர் போன திக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா நிக்காம போயிருவான்னு எனக்குத் தோணவே இல்ல" என்றார்.

முன்னால் போய் யாருடைய வாசலிலோ தட்டுக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. தேங்காயை உடைக்காமல் பஸ்ஸில் திரும்பக் கொண்டுவந்தேன். மறுநாள் காலையில் அதைத் துருவிச் சம்பல் அரைத்து அவருக்கு வைத்தேன். எந்தத் தேங்காய் என்று அவருக்குத் தெரியும், சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார்.